புத்தகத் தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு புத்தகம் தடை செய்யப்பட்டது என்றால் சரியாக என்ன பொருள்?

தடை என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அதற்குள் வெவ்வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. அச்சுக்குப் போவதற்கு முன்பே அனுமதி மறுப்பது முன்தணிக்கை. அச்சாகி வெளிவந்த படிகளை அரசு கைப்பற்றுவது பறிமுதல். வெளிநாட்டில் அச்சான நூலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவது இறக்குமதித் தடை. நூலக அடுக்கிலிருந்தோ பாடத்திட்டத்திலிருந்தோ எடுத்துவிடுவது நீக்கம். வழக்குக்கோ மிரட்டலுக்கோ அஞ்சிப் பதிப்பாளரே விற்பனையை நிறுத்திக்கொள்வது திரும்பப் பெறுதல்.

இந்த வேறுபாடுகளை மறந்துவிட்டுப் பேசினால் விவாதம் எங்கும் போய்ச் சேராது. அரசாணை ஒன்று இருந்தால் அதற்கு எண் இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்திட்டவர் இருப்பார். அதை எதிர்த்து நீதிமன்றத்தை நாட முடியும். ஆணையே பிறக்காமல் கடையிலிருந்தும் நூலகத்திலிருந்தும் ஒரு நூல் மறைந்துபோனால், யார் மீது, எதை எதிர்த்து வழக்குத் தொடுப்பது? கீழே வரும் விடைகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். புத்தகத் தடையைப் பற்றி யோசிப்பவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

புத்தகங்களைத் தடை செய்யும் வழக்கம் எவ்வளவு பழையது?

பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் நிகழ்வு சீனாவில் கி.மு. 213இல் நடந்தது. பேரரசர் சின் ஷி ஹுவாங், அமைச்சர் லி சுவின் யோசனைப்படி, பழைய வரலாற்று ஏடுகளையும் பாடல் தொகுப்புகளையும் தத்துவ நூல்களையும் எரிக்க ஆணையிட்டார் என்று பின்னாளைய வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்திருக்கிறார். மருத்துவம், குறி பார்த்தல், வேளாண்மை ஆகியவை பற்றிய நூல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்தக் குறிப்பில் மற்றொரு விலக்கும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அரசவை அறிஞர்களின் பொறுப்பில் இருந்த படிகள் எரிக்கப்பட வேண்டியதில்லை. அதாவது, நூல்கள் இல்லாமல் போக வேண்டும் என்பது நோக்கமாக இருக்கவில்லை. அவற்றை யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்பதை அரசே முடிவு செய்ய வேண்டும் என்பதே நோக்கம். அதற்குப் பின் வந்த தடைகள் பலவற்றிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். தடை செய்பவர் தாம் படித்துவிடுவார். தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அறிவார். ஆயினும் அடுத்தவர் தாங்க மாட்டார் என்று தீர்மானித்துவிடுவார்.

அச்சு இயந்திரம் வந்தபின் என்ன மாறியது?

கையெழுத்துப் படிகளின் காலத்தில் ஒரு நூலை ஒழிக்கச் சில பிரதிகளைத் தேடி அழித்தால் போதும். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு பரவிய பிறகு அந்த வழி அடைபட்டது. நூலை அழிப்பதைவிட, அது பிறக்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை 1559இல், போப் நான்காம் பவுல் காலத்தில், தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியல் பல முறை திருத்தப்பட்டு, 1948இல் கடைசிப் பதிப்பைக் கண்டு, 1966இல்தான் கைவிடப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த நிர்வாகம் அது.

அந்த நிர்வாகம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்குக் கோப்பர்னிக்கஸின் நூல் நல்ல சான்று. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட அந்த நூல் 1543இல் வெளிவந்தது. 1616இல், திருத்தப்படும் வரை நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1620இல் திருத்தங்களின் பட்டியல் வந்தது. நூலை வைத்திருந்தவர்கள் தாங்களே பேனாவை எடுத்துக் குறிப்பிட்ட வரிகளை அடித்துவிட்டு, பக்கத்து வெளியில் மாற்று வாசகத்தை எழுதிக்கொள்ள வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் படிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று, இத்தாலியில் இருந்த படிகளில் பெரும்பாலானவற்றில் இந்த மைக்கோடுகள் இருப்பதையும், பிற நாடுகளில் இருந்த படிகளில் அவை மிக அரிதாகவே இருப்பதையும் காட்டியது. கலிலியோ வைத்திருந்த படியிலும் கோடுகள் உள்ளன. ஆனால் அடியில் இருக்கும் எழுத்தைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்கு அவை மெல்லியவை. அந்த நூல் பட்டியலிலிருந்து நீங்கியது 1835ஆம் ஆண்டுப் பதிப்பில்தான்.

இங்கிலாந்தில் அச்சுக்கு முன் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியாகி, மீண்டும் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. சுவீடன் 1766இல் இயற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், சமய நூல்களைத் தவிர மற்றவற்றுக்கு முன்தணிக்கையை ஒழித்தது.

புத்தக எரிப்பும் புத்தகத் தடையும் ஒன்றா?

இல்லை, ஆயினும் இரண்டும் நெருங்கிய உறவினர். தடை ஒரு நூலைக் குறி வைக்கிறது. எரிப்பு அந்த நூலை எழுதிய, படித்த, பாதுகாத்த மக்களைக் குறி வைக்கிறது. 1933 மே 10 அன்று பெர்லின் நகரின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜி மாணவர் அமைப்பினர் சுமார் 20,000 புத்தகங்களைத் தீயிலிட்டனர். அந்த இடத்தில் இப்போது நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது: தரையில் பதித்த கண்ணாடி வழியே கீழே பார்த்தால், வெள்ளை வண்ணத்தில் காலியான அலமாரிகள். ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் வைக்கக்கூடிய அடுக்குகளில் ஒன்றுகூட இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அங்கே எந்த நூலும் எந்தப் பட்டியலிலும் தடை செய்யப்பட்டிருக்கவில்லை. தடைக்கு உள்ளான நூல் என்றாவது விடுவிக்கப்படலாம். வேறெங்கும் படி இல்லாமல் எரிந்த சுவடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் யாவை?

அரசுக்கு எதிரானது, சமயத்தைப் புண்படுத்துவது, ஆபாசமானது என்ற மூன்றுமே காலந்தோறும் திரும்ப வருகின்றன. இவற்றில் ஆபாசம் என்ற காரணத்தின் வரலாறு, மற்ற இரண்டையும் புரிந்துகொள்ளவும் உதவும்.

1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று வகுத்த அளவுகோல், தீய செல்வாக்குக்கு ஆளாகக்கூடிய மனம் படைத்தவர்களின் கையில் அந்த நூல் கிடைத்தால் அது அவர்களைக் கெடுக்குமா என்று கேட்டது. வழக்கில் சம்பந்தப்பட்ட வழக்குரைஞரோ நீதிபதியோ கெட்டுப்போவார் என்று யாரும் வாதிட்டதில்லை. கெட்டுப்போகக்கூடியவர் எப்போதும் நீதிமன்றத்தில் இல்லாத வேறொருவர். 1960இல் டி. எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை முழுமையாக வெளியிட்டதற்காகப் பெங்குவின் நிறுவனத்தின் மீது லண்டனில் வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பு வழக்குரைஞர் ஜூரிகளைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் நூலா இது என்ற பொருளில் கேட்டார். அந்தப் பதிப்பின் விலை 3 ஷில்லிங் 6 பென்ஸ் மட்டுமே. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதும் அரசுத் தரப்பின் கவலைகளுள் ஒன்று. ஜூரிகள் நிறுவனத்தை விடுவித்தனர். விற்பனை தொடங்கிய முதல் நாளிலேயே 2,00,000 படிகள் போயின.

அதே நாவலை விற்ற மும்பைப் புத்தக வணிகர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை, 1964இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த 1868ஆம் ஆண்டு அளவுகோலைப் பயன்படுத்தி உறுதி செய்தது. அது வகுக்கப்பட்ட நாட்டிலேயே 1959இல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டுவிட்ட அளவுகோல் இது. ஒரு படைப்பை முழுமையாகவும், அக்காலச் சமூகத்தின் பொது நோக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது 2014இல்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் வழங்குகிறது. 19(2) பிரிவு அதன் மீது நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 1927இல் ஆங்கில ஆட்சியில் வந்தது. இன்றைய சட்டத்தொகுப்பிலும் வேறு எண்ணில் அது தொடர்கிறது. மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்யலாம் என்ற அதிகாரமும் அவ்வாறே தொடர்ந்து வந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவாக இருக்கிறது. ஆணையில் காரணங்கள் கூறப்பட வேண்டும். இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்கும்.

காரணம் கூற வேண்டும் என்பது வெறும் சடங்கு என்று தோன்றலாம். பெரியாரின் இராமாயண ஆய்வு நூலின் இந்தி மொழிபெயர்ப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. ஆணையோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது. எந்தப் பக்கம், எந்த வரி என்றெல்லாம் அதில் இருந்தது. அவை ஏன் குற்றமாகின்றன என்பது மட்டும் இல்லை. இந்தி நூலின் பதிப்பாளர் லலாய் சிங் யாதவ் வழக்குத் தொடுத்தார். அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் ஆணையை ரத்து செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை 1976இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தள்ளுபடி செய்தது. காரணம் எழுதப்படாத ஆணையைக் குடிமகன் எதிர்க்கவும் முடியாது, நீதிமன்றம் ஆராயவும் முடியாது என்பதே அதன் சாரம்.

இறக்குமதித் தடையின் கதை இதைவிட வியப்பானது. சல்மான் ருஷ்தியின் 'சாத்தானின் வசனங்கள்' நாவலுக்கு 1988 அக்டோபரில் இந்தியா சுங்கச் சட்டத்தின் கீழ் தடை விதித்தது. அந்தத் தடையை எதிர்த்து வாசகர் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தடை அறிவிக்கையின் நகலை எந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. அப்படி ஓர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. கண்ணால் காண முடியாத ஒரு தாளுக்கு ஒரு நாடு 36 ஆண்டுகள் கீழ்ப்படிந்திருக்கிறது.

தடையை மீறியவர்கள் என்ன செய்தார்கள்?

காந்தியின் 'இந்து சுயராச்சியம்' குஜராத்தி நூலைப் பம்பாய் அரசு 1910இல் தடை செய்தது. 1919 ஏப்ரலில், ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது, தடை செய்யப்பட்ட நூல்களை மறுபடி அச்சிட்டு அவரும் சரோஜினி நாயுடுவும் பம்பாய்த் தெருக்களில் பகிரங்கமாக விற்றனர். நாலணா விலையுள்ள நூலுக்கு ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாக மக்கள் கொடுத்தார்கள் என்றும், ஒரு படி ஐம்பது ரூபாய்க்குப் போனதென்றும் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். வாங்குபவரும் கைதாகலாம் என்று முன்கூட்டியே எச்சரித்துத்தான் விற்றார்கள். இறுதியில் அரசு, விற்கப்பட்டவை புதிய பதிப்பு என்றும், தடை பழைய பதிப்புக்கே உரியது என்றும் கூறி வழக்கைத் தவிர்த்துவிட்டது.

சோவியத் ஒன்றியத்தில் வேறு வழி. மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள்களை வைத்து, தட்டச்சுப் பொறியில் ஒரே தட்டலில் நான்கைந்து படிகள் எடுப்பார்கள். அடித் தாளில் எழுத்து மங்கித் தெரியும். அந்த மங்கிய படியும் கைமாறிக்கொண்டே இருக்கும், பெற்றவர் இன்னும் சில படிகள் அடித்துக் கொடுப்பார். பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' 1957இல் இத்தாலியில் அச்சானது; தாய்நாட்டில் அச்சேறியது 1988இல்.

ஆணை இல்லாமலே ஒரு நூல் எப்படித் தடைபடும்?

நம் காலத்தின் மிகக் கடுமையான சிக்கல் இதுதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. அரசு அந்த நாவலைத் தடை செய்யவில்லை. மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தையில், வருத்தம் தெரிவித்து, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக எழுத்தாளர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளனாகிய தாம் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். ஆணை என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒரு நூலும் ஓர் எழுத்தாளரும் மௌனமானார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்று கூறி, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தமக்கு நன்றாக வரும் செயலான எழுத்துக்குத் திரும்பட்டும் என்று தீர்ப்பை முடித்தது.

வெண்டி டோனிகர் இந்து சமயம் பற்றி எழுதிய நூலை 2014இல் அதன் பதிப்பகம், வழக்குத் தீர்ப்புக்குக் காத்திராமல், சமரசம் செய்துகொண்டு இந்தியாவில் திரும்பப் பெற்றது. எதிர்ப்பு ஊர்வலத்தையும் வன்முறை மிரட்டலையும் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்று 1989இலேயே, ஒரு தமிழ்த் திரைப்படம் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சட்டத்தில் குறைவில்லை. மிரட்டப்படுபவருக்குக் காவல் கிடைக்குமா என்பதில்தான் குறை.

பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை நீக்குவதும் தடையா?

அமெரிக்காவில் இப்போது நடக்கும் விவாதம் பெரும்பாலும் இதைப் பற்றியதே. 2023–24 கல்வி ஆண்டில் பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட நீக்க நிகழ்வுகளை, எழுத்தாளர்களின் கருத்துரிமைக்காக இயங்கும் பென் அமெரிக்கா அமைப்பு பதிவு செய்தது. இதைத் தடை என்று அழைக்கக் கூடாது, அதே நூலைக் கடையில் வாங்கலாமே என்பது நீக்கத்தை ஆதரிப்பவர்களின் வாதம். தம் பிள்ளை எந்த வயதில் எதைப் படிக்கலாம் என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதும் அவர்களின் வாதம். அது புறந்தள்ளத்தக்கதும் அல்ல. எல்லா நூலையும் எந்த நூலகமும் வாங்க முடியாது; தேர்வு செய்வது நூலகரின் அன்றாட வேலை.

ஆனால் ஒரு பெற்றோர் தம் பிள்ளைக்காக எடுக்கும் முடிவும், அதே பெற்றோர் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எடுக்கும் முடிவும் ஒன்றாகிவிடாது. கடையில் வாங்கப் பணமில்லாத பிள்ளைக்கு நூலக அடுக்கே கடை. நூலில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளிக் குழு அதை நீக்க முடியாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நீதிபதிகள் பலவாறாகப் பிரிந்து எழுதியதால், அந்தத் தீர்ப்பின் வலிமை இன்றும் சர்ச்சைக்குரியது. பொது நூலகம் ஒரு நூலை நீக்குவதை, தகவல் பெறும் உரிமையைக் காட்டி வாசகர் எதிர்க்க முடியாது என்று 2025இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. எங்கள் பார்வையில் இது மிகவும் கவலைக்குரிய திருப்பம்.

நீக்கச் சட்டம் எங்கே போய் முடியும் என்பதை யூட்டா மாநிலத்தின் பள்ளி மாவட்டம் ஒன்று 2023இல் கண்டது. ஆபாச நூல்களை நீக்கும் சட்டத்தைக் காட்டி ஒருவர் பைபிளுக்கு எதிராக மனுக் கொடுக்க, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து அது நீக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் திரும்ப வைக்கப்பட்டது.

தடை செய்தால் நூலின் விற்பனை கூடும் என்கிறார்களே?

சில நேரங்களில் உண்மை. ஹிட்லரின் இன அழிப்பைப் பற்றிய 'மௌஸ்' என்ற சித்திர நூலை டென்னசியின் ஒரு மாவட்டம் 2022 ஜனவரியில் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதும் அதன் விற்பனை பாய்ந்து ஏறியது. ஆனால் இந்த ஆறுதலை நாங்கள் ஏற்பதில்லை. விற்பனை கூடிய நூல்களைத்தான் நாம் அறிவோம். முதல் நூலோடு நின்றுபோனவர், கையெழுத்துப் படியைத் தாமே கிழித்தவர், பதிப்பாளர் கிடைக்காதவர் ஆகியோரை எந்தக் கணக்கும் காட்டாது. புகழ்பெற்றவருக்குத் தடை விளம்பரமாகலாம். அறிமுக எழுத்தாளருக்கு அதுவே முடிவுரை.

அப்படியானால் எந்த நூலையும் தடுக்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டோம். ஒருவரைப் பற்றிய பொய்யான அவதூறு, தனி மனிதரின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது, ஒரு கூட்டத்தைக் கொல்லும்படி நேரடியாகத் தூண்டுவது, குழந்தைகளைப் பாலியல் பொருளாக்குவது ஆகியவற்றுக்குச் சட்டத்தில் இடம் தர இயலாது. கடினமானவை, வெறுப்பைப் பரப்பிய வரலாற்று நூல்கள். ஹிட்லரின் 'மைன் காம்ப்' நூலின் பதிப்புரிமையைப் பவேரிய அரசு வைத்திருந்து, மறுபதிப்பைப் பல பத்தாண்டுகள் தடுத்துவந்தது. 2015 முடிவில் உரிமை காலாவதியானது. 2016 ஜனவரியில் மியூனிக்கில் உள்ள சமகால வரலாற்று நிறுவனம், சுமார் 3,500 குறிப்புகளோடு, ஏறத்தாழ 2,000 பக்கத்தில் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு பொய்யின் பக்கத்திலும் அதன் மறுப்பு அச்சாகியிருக்கிறது. மறைத்து வைப்பதைவிட உழைப்பு மிகுந்த வழி இது. எங்களுக்கு இதுவே நேர்மையானதாகவும் தோன்றுகிறது. உயிர் பிழைத்தவர்கள் சிலர் இதையும் எதிர்த்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். அந்த வலியோடு வாதாட எங்களுக்குத் தகுதியில்லை.

மின்னூல் காலத்தில் தடை சாத்தியமா?

முன்னைவிட எளிதாகவும் ஆகலாம். 2009 ஜூலையில், பதிப்புரிமைச் சிக்கல் காரணமாக, அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் சில மின்பதிப்புகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. அது தணிக்கை இல்லை. ஆனால் விற்ற புத்தகத்தை வாங்கியவரின் கையிலிருந்து ஓசையின்றி எடுத்துவிட முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது. வீட்டு அலமாரியில் இருக்கும் தாள் புத்தகத்தை எடுக்க யாராவது கதவைத் தட்டியாக வேண்டும்.

ஒரு நூலை நீக்கச் சொல்லி நூலகத்துக்குக் கோரிக்கை வந்தால் என்ன செய்யலாம்?

கோரிக்கையை எழுத்தில் பெறுங்கள். கோருபவர் நூலை முழுவதும் படித்தாரா, எந்தப் பகுதியை, எந்தக் காரணத்துக்காக எதிர்க்கிறார் என்பதை அவர் கைப்படவே எழுதித் தரட்டும். முடிவு எட்டும் வரை நூல் அடுக்கிலேயே இருக்கட்டும்; விசாரணை என்ற பெயரில் மேசை இழுப்பறைக்குள் போகும் நூல் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. பரிசீலிக்கும் குழுவினர் சர்ச்சைக்குரிய பக்கத்தின் நகலைப் பார்த்து முடிவு செய்யாமல், நூல் முழுவதையும் படிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் காரணத்தோடு பதிவாக வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும்.

அயர்லாந்தின் தணிக்கைச் சட்டத்தில் 1967இல் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றையும் பின்பற்றலாம். ஆபாசம் என்று தடை செய்யப்பட்ட நூலின் தடை 12 ஆண்டுகளில் தானாகவே காலாவதியாகும் என்று அது வகுத்தது. தடையை நீட்டிக்க விரும்புபவர் அந்த நூலை மீண்டும் எடுத்து, மீண்டும் ஆராய்ந்து, மீண்டும் ஆணையிட வேண்டும். உங்கள் நூலகத்தில் நீக்கப்பட்ட நூல்களுக்கும் அவ்வாறே ஒரு காலவரம்பு வையுங்கள்; அந்தப் பட்டியலை, கேட்கும் எவருக்கும் காட்டுங்கள்.